குறைப்பும் திருத்தமும்: மரண தண்டனை மறுஆய்வு எழுப்பும் கேள்விகள்



மொழிக்காக அமைந்த ஓர் அவையில் தண்டனைச் சட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். நான் சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். சொற்களோடு வாழ்நாளைக் கழித்த ஆசிரியன். ஆயினும், ஒரு மனிதனின் உயிரும் ஆயுளும் சொற்களைக் கொண்டே முடிவு செய்யப்படும் இடம் நீதிமன்றம். அங்கே எந்தச் சொல் கேட்கப்படுகிறது, எந்தச் சொல் கேட்கப்படாமல் போகிறது என்பது மொழியைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய கவலைதான்.

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் சொற்கள் இரண்டு: ஒன்று தண்டனைக் குறைப்பு, மற்றொன்று தண்டனைத் திருத்தம். நாளிதழ்களில் இவ்விரண்டையும் ஒரே பொருளில் வாசிக்கிறோம். ஆனால் குறைப்பு என்பது அளவைப் பற்றியது; திருத்தம் என்பது பிழையைப் பற்றியது. பெரியதைச் சிறியதாக்குவது குறைப்பு. தவறாகச் செய்ததைச் சரியாகச் செய்வது திருத்தம். ஒரு நீதிமன்றம் பழைய தண்டனையைக் குறைக்கும்போது, அத்தண்டனை பிறந்த நாளில் நேர்ந்த பிழையையும் திருத்த வேண்டுமா, அல்லது அளவை மட்டும் மாற்றிவிட்டு அமைய வேண்டுமா? இதுவே என் உரையின் கேள்வி.

நம் நாட்டில் நடந்தது

1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில், போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை 1975இல் சேர்க்கப்பட்டது. அப்போது மரணமா ஆயுள் சிறையா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நீதிபதியிடம் இருந்தது. 1983இல் அவ்வுரிமை எடுக்கப்பட்டது, மரணம் கட்டாயமாயிற்று. 15 கிராம் ஹெராயின் அல்லது 200 கிராம் கஞ்சா ஒருவர் கையில் இருந்தால், அவர் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானித்தது. அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது விழுந்தது. கொலைக் குற்றத்திற்கும் மரணம் ஒன்றே தண்டனையாக இருந்தது.

2018 மார்ச் 15ஆம் நாள் நடப்புக்கு வந்த ஒரு திருத்தம், கடத்தல் வழக்குகளில் சில நிபந்தனைகளோடு ஆயுள் சிறைக்கு வழிவிட்டது. ஆனால் அந்நாளுக்கு முன்பே குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர்களுக்கு அது பொருந்தவில்லை. ஒரே செயல், ஒரே சட்டம். தீர்ப்பு நாள் முன்பின்னாக அமைந்ததால் ஒருவருக்கு வாழ்வு, மற்றொருவருக்குத் தூக்கு.

இந்நிலையை மாற்ற வந்தவை 2023ஆம் ஆண்டின் இரு சட்டங்கள். முதலாவது, கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம். அது அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் நடப்புக்கு வந்தது. மரண தண்டனையை அது முற்றாக நீக்கவில்லை, கட்டாயத்தை நீக்கியது. இரண்டாவது, ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்களின் மரண தண்டனையையும் இயற்கை ஆயுள் முடியும் வரையான சிறைத் தண்டனையையும் மறுஆய்வு செய்யக் கூட்டரசு நீதிமன்றத்திற்குத் தற்காலிக அதிகாரம் தந்த சட்டம். அது செப்டம்பர் 12ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் புத்ராஜெயாவில் மறுஆய்வு விசாரணைகள் தொடங்கின. மனுச் செய்யத் தகுதி பெற்றிருந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோரின் மரண தண்டனை சிறைத் தண்டனையாக மாறியது. சிலருக்கு மரணமே உறுதி செய்யப்பட்டது.

இது நம் காலத்தில் நிகழ்ந்த பெருஞ்செயல். அதில் ஐயமில்லை. ஆயினும் நாம் கேட்க வேண்டியது, இதற்கு என்ன பெயர் சூட்டுவது என்பதே. இது சலுகையா? கருணையா? திருத்தமா?

மூவகைப் பிழைகள்

தண்டனையில் நேரும் பிழைகளை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது நீதிபதியின் பிழை. இதற்கு இந்தியாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இந்திய உச்ச நீதிமன்றம் 1980இல் பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனை விதிக்குமுன் குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியின் சூழலையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விதி வகுத்தது. 1996இல் ராவ்ஜி வழக்கில் அதே நீதிமன்றத்தின் சிறு ஆயம் ஒன்று, குற்றத்தின் தன்மையே கருதத்தக்கது என்று அவ்விதிக்கு மாறாகத் தீர்ப்பளித்தது. பின்வந்த பல தீர்ப்புகள் ராவ்ஜியைப் பின்பற்றின. 2009இல் பரியார் வழக்கில்தான், அவை முன்விதியைக் கவனியாமல் எழுதப்பட்டவை என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அதற்குள் ராவ்ஜி தூக்கிலிடப்பட்டிருந்தார். 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், அப்பிழையான விதியால் மரண தண்டனை பெற்ற 13 பேரின் தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினர். அவர்கள் நீதிமன்றத்தின் பிழையைச் சுட்டி, அது திருத்தப்பட வேண்டும் என்றே கேட்டனர்.

இரண்டாவது சட்டத்தின் பிழை. இங்கே நீதிபதி தவறு செய்யவில்லை. அவர் கையிலிருந்த அளவுகோலே வளைந்திருந்தது. அமெரிக்காவில் 500 கிராம் தூள் வடிவக் கொக்கேய்னுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தண்டனை, 5 கிராம் கட்டி வடிவக் கொக்கேய்னுக்கே விதிக்கப்பட்டு வந்தது. இந்த நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தின் சுமை பெரும்பாலும் கறுப்பின மக்கள் மீது விழுந்தது. 2010இல் அவ்விகிதம் 18க்கு ஒன்றாயிற்று. 2018இல் வந்த சட்டம் பழைய கைதிகளும் அப்பயனைப் பெற வழி செய்தது. அப்போது எழுந்த கேள்விதான் நம் கேள்வி: தண்டனையைக் குறைக்க வந்த நீதிபதி அந்த விகிதத்தை மட்டும் மாற்றிக் கணக்கிட வேண்டுமா? இடைப்பட்ட ஆண்டுகளில் சட்டத்தில் ஏற்பட்ட பிற மாற்றங்களையும் கைதியின் வாழ்வில் ஏற்பட்ட மாற்றங்களையும் கருதலாமா? 2022இல் கன்செப்சியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருதலாம் என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம்.

மூன்றாவது பதிவின் பிழை. இதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. கட்டாயத் தண்டனை நிலவிய காலத்தில், குற்றவாளி எனத் தீர்ப்பான பின் நீதிபதி கேட்பதற்கு ஒன்றுமில்லை. இவன் வயதென்ன, எத்தகைய வறுமையில் வளர்ந்தான், இக்குற்றத்தில் இவன் பங்கு யாது, தலைவனா ஏவலாளா, மனநோய் உண்டா என்னும் கேள்விகளுக்கு விடை கிடைத்தாலும் தண்டனை மாறாது. மாறாதபோது கேட்பானேன்? ஆகவே கேட்கப்படவில்லை. கேட்கப்படாததால் எழுதப்படவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் மறுஆய்வு மன்றம் அக்கோப்பைத் திறக்கும்போது, போதைப்பொருளின் எடை இருக்கிறது. பிடிபட்ட நேரம் இருக்கிறது. பிடிபட்ட மனிதன் இல்லை.

சிலப்பதிகாரத்தை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனைக் கொல்லும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்: சிலம்பினுள் இருக்கும் பரல் முத்தா, மாணிக்கமா? அக்கேள்வி கண்ணகி வந்து கேட்கும்வரை கேட்கப்படவில்லை. விடை தெரிந்தபோது திருத்துவதற்குக் கோவலன் இல்லை. மன்னன் தன் உயிரைத்தான் தர முடிந்தது. கோவலனின் உயிரைத் திருப்பித் தர முடியவில்லை. நம் மரபில் அரசின் பெரும்பிழையாக நிலைத்திருப்பது கேட்காமல் தண்டித்ததே.

கதவும் அதன் அகலமும்

பழைய தண்டனையை மறுஆய்வு செய்யும் சட்டம் ஒரு கதவைத் திறக்கிறது. அக்கதவு எவ்வளவு அகலமானது என்பதே அதன் பயனை முடிவு செய்கிறது.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2013 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த திருத்தம், வெறும் சுமப்பவராக இருந்து அதிகாரிகளுக்குக் கணிசமாக உதவியவர்க்கும், குறிப்பிட்ட வகை மனக்குறைபாடு உடையவர்க்கும் மரணத்திலிருந்து விலக்கு அளித்தது. சபாவைச் சேர்ந்த யோங் வுய் கோங் அதே ஆண்டில் அவ்வழியே உயிர் பிழைத்தார். ஈப்போவைச் சேர்ந்த நம் இளைஞர் நாகேந்திரன் தர்மலிங்கம் பிழைக்கவில்லை. 42.72 கிராம் ஹெராயினோடு 2009இல் பிடிபட்ட அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என மதிப்பிடப்பட்டிருந்தும், சட்டம் கேட்ட வரையறைக்குள் அவர் வரவில்லை என்று நீதிமன்றங்கள் கூறின. 2022 ஏப்ரல் 27ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். கதவு திறந்துதான் இருந்தது; அவர் நுழையும் அளவுக்கு அகலமாக இல்லை.

நம் நாட்டுச் சட்டத்தின் கதவு அதனினும் அகலமானது. நிபந்தனைகளை அடுக்கவில்லை; தகுதியுள்ள ஒவ்வொருவரின் தண்டனையையும் பார்க்கச் சொல்லிற்று. ஆயினும் அதற்கும் எல்லைகள் உண்டு. மறுஆய்வுக்கு உரியது தண்டனை மட்டுமே. குற்றவாளி என்ற தீர்ப்பைத் தொட முடியாது. மரணத்திற்கு மாற்றாகக் கொலை வழக்குகளில் 30 முதல் 40 ஆண்டுச் சிறையும், கடத்தல் வழக்குகளில் ஆயுள் சிறையும் வைக்கப்பட்டன. நம் சட்டப்படி ஆயுள் சிறை என்பது 30 ஆண்டு. அத்துடன் 12க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. பெண்களுக்கும் பொதுவாக 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் அதிலிருந்து விலக்கு.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். முதல் விசாரணையிலேயே எல்லாவற்றையும் கேட்டறிந்திருந்தால் ஒருவருக்கு 18 ஆண்டுச் சிறையே தகும் என்று நீதிபதிக்குத் தோன்றியிருக்கலாம். இன்று மறுஆய்வு மன்றத்திற்கும் அவ்வாறே தோன்றினாலும் 30க்குக் கீழே இறங்க வழியில்லை. குறைப்பு நிகழ்ந்துவிட்டது. திருத்தம் பாதியில் நிற்கிறது.

எஞ்சியிருப்பது மன்னிப்பு. கூட்டரசு அரசியலமைப்பின் 42ஆம் பிரிவுப்படி, கூட்டரசுப் பிரதேசங்களில் நிகழ்ந்த குற்றங்களுக்கு மாமன்னரும், மாநிலங்களில் நிகழ்ந்தவற்றுக்கு அந்தந்த ஆட்சியாளரும் மன்னிப்பு வழங்கலாம். பிரிக்பீல்ட்ஸில் நிகழ்ந்த குற்றத்திற்கு மனு மாமன்னரிடம் செல்லும். கிள்ளானில் நிகழ்ந்ததற்குச் சிலாங்கூர் சுல்தானிடம் செல்லும். மன்னிப்பு உயர்ந்த அறம். ஆனால் அது கருணையிலிருந்து பிறப்பது. தன்னிடம் பிழை நேர்ந்தது என்று அரசு ஒப்புக்கொள்வது வேறு. பிழை செய்தவனைப் பொறுத்துக்கொள்வது வேறு. முதலாவதைப் பெற வேண்டியவனுக்கு இரண்டாவதைத் தந்தால், அவன் விடுதலை பெறலாம்; நீதி பெற்றான் என்று சொல்ல முடியாது.

மறுதரப்பின் நியாயம்

இக்கருத்துக்கு எதிரான வாதங்களையும் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீர்ப்புக்கு முடிவு வேண்டும் என்பது ஒரு வாதம். பழைய கோப்புகளைத் திறந்துகொண்டே இருந்தால், கொலையுண்டவரின் தாய் ஒவ்வொரு முறையும் மகனை மீண்டும் இழக்கிறாள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பாதிக்கப்பட்ட குடும்பத்தாரின் குரலும் மறுஆய்வில் கேட்கப்பட வேண்டும். ஆனால் அத்தாய் நீதிமன்றத்திடம் கேட்பது நீதி. எல்லாவற்றையும் கேட்டறிந்து விதிக்கப்பட்ட தண்டனையே அவளுக்கும் உறுதியான தண்டனை.

அன்றைய சட்டப்படி அன்றைய தண்டனை சரியே என்பது மற்றொரு வாதம். 2020 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், கட்டாய மரண தண்டனை அரசியலமைப்புக்கு ஏற்புடையதே என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட அந்த ஒரு தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். ஆகவே சட்டத்தின் கண்ணில் பழைய தண்டனைகள் பிழையானவை அல்ல. உண்மை. ஆனால் மூன்றே ஆண்டுகளில் நாடாளுமன்றம் அச்சட்டத்தை மாற்றியதோடு அமையாமல், பழைய கைதிகளையும் திரும்பிப் பார்க்கச் சொல்லிற்று. பிழை இல்லையெனில் திரும்பிப் பார்ப்பதற்குத் தேவை என்ன?

திரும்பிப் பார்க்காவிட்டால் நேர்வது என்ன என்பதற்கு இந்தியாவின் ஹர்பன்ஸ் சிங் வழக்கு சான்று. ஒரே கொலைக் குற்றத்தில் சமபங்கு கொண்ட மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மூவரின் மேல்முறையீடுகளும் உச்ச நீதிமன்றத்தின் வெவ்வேறு ஆயங்களின் முன் வெவ்வேறு காலத்தில் வந்தன. கஷ்மீரா சிங்குக்கு 1977இல் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. ஜீதா சிங் 1981 அக்டோபர் 6ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தூக்குக்குக் குறிக்கப்பட்டிருந்த ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் மனுச் செய்து தப்பினார். ஒருவருக்குக் குறைத்த நாளில், மற்ற இருவரின் நிலை என்ன என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜீதா சிங் உயிரோடு இருந்திருப்பார்.

மொழிக்கு இங்கே என்ன வேலை

இனி நம் துறைக்கு வருகிறேன். பதிவின் பிழையில் மொழிக்குப் பெரும்பங்கு உண்டு.

நம் நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகின்றன. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் ஒருவர் அங்கே மொழிபெயர்ப்பாளர் வழியே பேசுகிறார். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். “ஐயா, தெரியாமல் செய்துவிட்டேன்” என்று ஒருவர் சொல்கிறார். தமிழில் இதற்கு இரு பொருள் உண்டு. பையில் இருந்தது இன்னதென்று அறியாமல் சுமந்தேன் என்பது ஒன்று. அறிந்தே செய்தேன், ஆனால் புத்தி கெட்டுச் செய்துவிட்டேன், வருந்துகிறேன் என்பது மற்றொன்று. மலாயில் முன்னதற்குத் ‘தீடாக் தாஹு’ என்றும், பின்னதற்குத் ‘தெர்லாஞ்சூர்’ என்றும் வெவ்வேறு சொற்கள் வேண்டும். போதைப்பொருள் வழக்கில் அறிந்தாரா இல்லையா என்பதே வழக்கின் உயிர்நாடி. அறியாமையைச் சொன்னவரின் சொல் வருத்தமாகப் பெயர்க்கப்பட்டால், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். வருத்தத்தைச் சொன்னவரின் சொல் அறியாமையாகப் பெயர்க்கப்பட்டால், அவர் இன்னும் பொய் சொல்லும், மனம் திருந்தாதவர் ஆகிறார்.

அவ்வாறே ‘வைத்திருந்தேன்’ என்பதற்கும் ‘கொண்டுவந்தேன்’ என்பதற்கும் வீட்டுப் பேச்சில் பெரிய வேறுபாடு காண்பதில்லை. சட்டத்தில் முன்னது உடைமைக்கு அருகில் நிற்கிறது. பின்னது கடத்தலுக்கு அருகில் நிற்கிறது. இடையே இருப்பது ஓர் உயிர்.

ஆகவே தண்டனைக் குறைப்பை உண்மையான திருத்தமாக்க வேண்டுமானால், மறுஆய்வு மன்றம் அன்று கேட்கப்படாத கேள்விகளைக் கேட்க வேண்டும். அன்று தவறாகக் கேட்கப்பட்ட விடைகளை மீண்டும் கேட்க வேண்டும். கைதியின் சொல் அவருடைய மொழியிலேயே பதிவாகி, தேர்ந்த மொழிபெயர்ப்போடு மன்றத்தின் முன் செல்ல வேண்டும். அவர் படித்த பள்ளி, வளர்ந்த தோட்டம், இடம்பெயர்ந்த புறம்போக்குக் குடியிருப்பு, சிறையில் கழிந்த ஆண்டுகள் ஆகியவற்றை அறிந்து எழுதித் தருவோர் வேண்டும். ஏற்கெனவே சிறைத் தண்டனையாக மாற்றப்பட்டவர்களின் மன்னிப்பு மனுக்களுக்கும் இது பொருந்தும். இனி விதிக்கப்படவிருக்கும் தண்டனைகளுக்கு இன்னும் பொருந்தும். கட்டாயம் நீங்கிவிட்டதால் இன்றைய நீதிபதி கேட்கக் கடமைப்பட்டிருக்கிறார். அவர் கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் ஆள் இருக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் சட்டம் பயில்வீர்கள். சிலராவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது சிறுபணி அன்று. மூன்று மொழிகளையும் ஐயமறக் கற்று, ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருக்கும் இடத்தில் நிறுத்தி, “எதைச் சொல்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்கும் துணிவு உடையவரே அப்பணிக்குத் தகுதியானவர்.

ஆசிரியப் பெருமக்களே, ஒரு குடும்பத்தின் தந்தையோ அண்ணனோ காஜாங்கிலோ சுங்கை பூலோவிலோ சிறையில் இருந்தால், அவ்வீட்டுப் பிள்ளை நம் வகுப்பறையில்தான் அமர்ந்திருக்கும். மனு எழுத அவ்வீட்டில் ஆள் இருப்பதில்லை. அந்த மனுவை எழுதித் தருவதும், பழைய பள்ளிப் பதிவைத் தேடித் தருவதும் நம்மால் இயலும். கோப்பில் இல்லாத மனிதனைக் கோப்புக்குள் கொண்டுவரும் முதல் வரி அதுவாக இருக்கலாம்.

திருக்குறளில் செங்கோன்மை என்னும் அதிகாரம் உண்டு, அடுத்ததே கொடுங்கோன்மை. வள்ளுவர் இரண்டையும் அருகருகே வைத்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நெடுந்தொலைவு நடக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதைக் கேளாமல் விட்டாலே போதும். திரும்பி வருவதற்கும் வழி அதுவே. கேட்கத் தவறியதைக் காலம் கடந்தேனும் கேட்பதுதான் திருத்தம்.